அழாத பிள்ளை நல்ல பிள்ளையா?



சென்ற இதழில் பூச்சி மருந்து தெளிப்பவர்கள் கவனிக்க வேண்டியதை எழுதினேன். இந்த முறை வீட்டுக்குள் வருவோம். தொட்டிலில் கிடக்கும் கைப்பிள்ளையைப் பற்றிப் பேசுவோம்.

ஆயாக் கொட்டகைப் பக்கம் போனால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “இது ரொம்ப நல்ல பிள்ளைங்க. போட்ட இடத்திலேயே கிடக்கும். அழவே அழாது.” கேட்கும் தாய்க்கும் மனம் குளிர்ந்து விடும். விடியற்காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காட்டுக்கு ஓடுகிறவளுக்கு அதைவிட வேறு ஆறுதல் என்ன வேண்டும்? ஆனால், அழாத பிள்ளை எல்லாம் நல்ல பிள்ளை அல்ல. சில பிள்ளைகள் அமைதியான குணத்தால் சும்மா இருக்கும். சில பிள்ளைகள் சும்மா இருப்பதற்கு வேறு காரணம் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நான் செய்த தவறு

இதை நான் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டேன். இருபது வருடத்துக்கு முன்பு, நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பால்மரம் வெட்டும் ஒரு பெண் பத்து மாத ஆண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். “ஐயா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. மோட்டார் சைக்கிள் பக்கத்துல வந்து நின்னாலும் தூங்குது” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று இரண்டு கையையும் பட்டென்று தட்டினேன். பிள்ளை கண்ணைக் கொட்டியது. என் கையைப் பார்த்தது. “காது நல்லாத்தான் கேக்குதும்மா. ஆம்பளப் பிள்ளை, கொஞ்சம் மெதுவாத்தான் வரும்” என்று சொல்லி அனுப்பி விட்டேன்.

இரண்டு வயது தாண்டி மறுபடியும் வந்தார். பிள்ளைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே சோதித்ததில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு அவன் பார்த்தது என் கை அசைவை. கை தட்டிய சத்தத்தை அவன் கேட்கவே இல்லை. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன் ஐயா” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

காது கேட்காத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது இன்றைய வைத்திய முறை. பேச்சைப் பிடித்துக் கொள்ளும் மூளைக்கு முதல் இரண்டு மூன்று வருடம்தான் நல்ல பருவம். அந்தப் பிள்ளை அதில் இரண்டு வருடத்தை இழந்தான். ஆகவே, “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று சொல்வதற்கு முன்பு, எதுவரை பொறுக்கலாம் என்ற கணக்கு நமக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இன்று எழுதுகிறேன்.

பகலில் பிள்ளையைப் பார்ப்பது யார்?

பட்டணத்தில் வேலைக்குப் போகாத தாய், பிள்ளையை நாள் முழுவதும் பார்க்கிறாள். நம் தாய்மார்கள் இருட்டோடு எழுந்து போகிறார்கள். வேலை முடிந்து, சமைத்து, துவைத்து நிமிரும்போது பிள்ளை தூங்கிவிடும். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அதைப் பார்ப்பது பாட்டியும் ஆயாவும்தான்.

2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்கும் 7 நாள் லீவு சட்டத்தில் வந்தது. 98 நாள் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். பிள்ளை முகம் பார்ப்பது, சிரிப்பது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் இந்த நாட்களில்தான். உங்கள் கண்ணால் பார்த்து வையுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் பிள்ளையைத் தூக்கும்போது “அழுதுச்சா, பால் குடிச்சுச்சா” என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். “இன்னைக்கு என்ன புதுசா செஞ்சுச்சு? கூப்பிட்டா திரும்புதா? ரெண்டு கையும் நீட்டுதா?” என்று கேளுங்கள். ஆயாவும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாய் மனம் நோகும் என்று மறைப்பது அன்பு அல்ல.

மாதக் கணக்கு

எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்யாது. ஒன்று பத்து மாதத்தில் நடக்கும், இன்னொன்று பதினைந்து மாதத்தில் நடக்கும். இரண்டும் நல்ல பிள்ளைதான். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்து விடும். அதிலும் குற்றமில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளையோடு போட்டி போட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கடைசி எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டினால் காட்ட வேண்டும்.

இரண்டு மாதம்: தாயின் முகத்தை உற்றுப் பார்க்கும். முகம் பார்த்துச் சிரிக்கும். பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடும். மூன்று மாதம் ஆகியும் சிரிக்கவில்லை, கண் முகத்தைத் தொடரவில்லை, சத்தத்துக்கு அசைவில்லை என்றால் காட்டுங்கள்.

நாலு மாதம்: நிமிர்த்திப் பிடித்தால் தலை நிற்கும். கையை வாய்க்குக் கொண்டு போகும். ‘ஊ, ஆ’ என்று பேச்சுக் கொடுக்கும். நாலு மாதம் முடிந்தும் தலை தொங்கினால், அல்லது கைகளை எந்நேரமும் இறுக்கி மூடியே வைத்திருந்தால் காட்டுங்கள்.

ஆறு மாதம்: குப்புறிக்கும், புரளும். பொருளைக் கண்டால் கை நீட்டும். வாய் விட்டுச் சிரிக்கும். சத்தம் வரும் பக்கம் தலை திருப்பும். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் காட்டுங்கள்.

ஒன்பது மாதம்: பிடிக்காமல் உட்காரும். ஒரு கையில் இருப்பதை மறு கைக்கு மாற்றும். ‘மாமாமா, பாபாபா’ என்று அடுக்கிச் சொல்லும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். புது ஆளைக் கண்டால் பலமாக ஒட்டிக் கொள்ளும். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காராவிட்டால், பேருக்குத் திரும்பாவிட்டால் காட்டுங்கள்.

ஒரு வயது: பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சோற்றுப் பருக்கையை எடுக்கும். டாட்டா காட்டும். ‘வேண்டாம்’ என்றால் புரியும். பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை, சாடை எதுவும் காட்டவில்லை என்றால் காட்டுங்கள்.

ஒன்றரை வயது: தனியாக நடக்கும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டும். சில வார்த்தைகள் சொல்லும். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை, ஒரு வார்த்தையும் இல்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் இனிக் காத்திருக்கக் கூடாது.

இரண்டு வயது: ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லும். ஓடும். சின்னச் சின்ன வேலை சொன்னால் செய்யும். இரண்டு வார்த்தை சேரவில்லை என்றால் காட்டுங்கள்.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால், எட்டு மாதப் பிள்ளையை ஆறு மாதமாகக் கணக்கு வைத்துப் பாருங்கள். இரண்டு வயது வரை இப்படிப் பார்க்கலாம். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கழிவு கிடையாது. பிறந்த தேதியை வைத்துத்தான் ஊசி.

எடையையும் கவனியுங்கள். பிறந்த முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை எடை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். சுமார் ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. மூன்று கிலோ பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ என்று வைத்துக் கொள்ளலாம். கிளினிக் புத்தகத்தில் மிஸி போடும் கோடு மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். படுத்துவிட்டால், கீழே இறங்கினால், ஏன் என்று கேளுங்கள்.

எந்த வயதிலும் பொறுக்கக் கூடாதவை

கீழே சொல்பவை இருந்தால் அந்த மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அந்த வாரமே காட்டுங்கள்.

1. இருந்த திறமை மறைவது. நேற்று வரை டாட்டா காட்டிய பிள்ளை, ‘அம்மா’ சொன்ன பிள்ளை, அதை விட்டுவிட்டால் அது சாதாரணம் அல்ல.

2. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் உபயோகிப்பது. “பிள்ளை இடது கைப் பழக்கம்” என்று சிரித்துவிட்டுப் போகிறோம். இந்த வயதில் கைப் பழக்கம் வராது. மறு கையில் பலம் இல்லையோ என்று பார்க்க வேண்டும்.

3. உடம்பு மிகவும் விறைப்பாக, அல்லது துணிப் பொம்மை போலத் தொளதொளவென்று இருப்பது.

4. கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிவது. நாலு மாதத்துக்குப் பிறகும் கண் மாறுகண்ணாக நிற்பது.

5. தாய்க்கே மனதில் ஒரு சந்தேகம் இருப்பது. இதை நான் சும்மா எழுதவில்லை. என் தவறைச் சொன்னேன் அல்லவா? பிள்ளையைப் பெற்றவள் “என்னமோ சரியில்லை” என்றால், அது ஒரு நோய் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

அழாத பிள்ளையின் சங்கதிக்கு வருகிறேன். எந்நேரமும் தூங்குகிறது, பால் குடிக்க எழுப்ப வேண்டியிருக்கிறது, மலச்சிக்கல், அழுகையும் கரகரவென்று இருக்கிறது என்றால் தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்யலாம். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். குறை இருந்தால் தினம் ஒரு மாத்திரைதான் வைத்தியம். முதல் வாரங்களிலேயே தொடங்கினால் பிள்ளையின் மூளை காப்பாற்றப்படும். விட்டுவிட்டால் போன மூளை வளர்ச்சி திரும்பி வராது.

காது விஷயத்தில் இன்னொன்று. காது கேட்காத பிள்ளையும் முதல் சில மாதங்களில் ‘ஊ, ஆ’ என்று சத்தம் போடும். அதைக் கேட்டு நாம் ஏமாந்து போகிறோம். பிறகு போகப் போகச் சத்தம் குறைந்துவிடும். வீட்டில் பார்க்க வேண்டுமானால், பிள்ளையின் பின்னால், அது பார்க்காத இடத்திலிருந்து மெல்லக் கூப்பிடுங்கள். முகத்துக்கு முன்னால் கை தட்டாதீர்கள். ஆனால் வீட்டுச் சோதனையை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் மெஷின் வைத்துச் சோதிக்க வேண்டும். தூங்குகிற கைப்பிள்ளைக்குக்கூட அதைச் செய்யலாம். வலி இல்லை.

அன்றைக்கே, அந்த ராத்திரியே ஓட வேண்டியவை

• மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரி அல்லது அதற்கு மேல்.
• பால் குடிக்கவே மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தி.
• வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம்.
• வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவை, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 தடவை அல்லது அதற்கு மேல். மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனாலும், உதடு நீலமானாலும் ஆபத்து.
• உச்சிக்குழி புடைத்து நிற்பது, அல்லது குழி விழுந்து மூத்திரம் போகாமல் இருப்பது.
• பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை, அல்லது மஞ்சள் கால் வரை இறங்கிப் பிள்ளை சோர்ந்து கிடப்பது.

இவற்றில் எதற்கும் காலை பிரட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என் கதவைத் தட்டுங்கள். நான் இல்லையென்றால் 999-க்கு அழையுங்கள்.

மஞ்சளைப் பற்றி இரண்டு வார்த்தை. “வெயிலில் காட்டினால் போய்விடும்” என்று வீட்டிலேயே வைத்துக் கொள்ளாதீர்கள். மஞ்சள் அளவுக்கு மீறி ஏறினால் மூளையையும் காதையும் கெடுத்துவிடும். ரத்தத்தில் அளவு பார்த்து நீல வெளிச்சத்தில் வைப்பதுதான் வைத்தியம். ஜி6பிடி குறை உள்ள பிள்ளை என்றால் துணியில் போடும் பூச்சி உருண்டையின் வாசனைகூட மஞ்சளை ஏற்றும். பிள்ளைத் துணியில் அதைப் போடவே வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் ஈரல் குழாயில் அடைப்பு இருக்கலாம். அதற்கு ஆபரேஷன் இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

லயத்துப் பேச்சும் என் பதிலும்

“அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு.” இருக்கலாம். ஆனாலும் காதைச் சோதித்துவிட்டுப் பிறகு காத்திருங்கள். சோதித்து ஒன்றும் இல்லையென்றால் நஷ்டம் ஒரு நாள்தான்.

“கண் பட்டிருக்கு, சுத்திப் போட்டா சரியாயிடும்.” சுற்றிப் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுவிட்டு மறுநாள் கிளினிக்குக்கும் போங்கள்.

“வாக்கர் வாங்கிக் கொடுத்தா சீக்கிரம் நடக்கும்.” நடக்காது. உள்ளே உட்காரவைத்து உருட்டும் வாக்கரால் நடை தாமதமாகலாம். படியில் உருண்டு விழுந்து மண்டை உடைந்த பிள்ளைகள் உண்டு. கனடா நாட்டில் 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்து விட்டார்கள்.

“போனைக் கொடுத்தா சும்மா இருக்கும்.” இதுவும் அந்த ‘நல்ல பிள்ளை’ பேச்சுதான். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. போன் பேசும், ஆனால் பிள்ளை பேசுவதை அது கேட்காது. பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கையில் இருப்பதை வைத்துச் செய்யலாம்

பணம் கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. பிள்ளை விழித்திருக்கும்போது தொட்டிலை விட்டு இறக்கிப் பாயில் குப்புறப் போடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தொட்டிலில் கிடந்தால் தலை தட்டையாகும், கழுத்துக்கும் கைக்கும் வேலை இல்லாமல் போகும். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

மைலோ டின்னில் கொஞ்சம் அரிசி போட்டு மூடியை இறுக்கி ஆட்டிக் காட்டுங்கள். துணி மடிக்கும்போது பேசுங்கள், குளிப்பாட்டும்போது பாடுங்கள். பிள்ளை ‘ஊ’ என்றால் நீங்களும் ‘ஊ’ என்று பதில் கொடுத்துக் கொஞ்சம் நிறுத்துங்கள். அது மறுபடி பேசும். தகப்பன்மார்களே, இது பெண்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். வேலை முடிந்து வந்து கால் மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துப் பேசினால் அது பெரிய மருந்து.

கிளினிக்கில் என்ன கேட்பது?

இரண்டாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பல தடவை ஊசிக்குக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகிறோம். ஊசியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடாதீர்கள். அங்கேயே கேளுங்கள். கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சியைப் பற்றிய பக்கமும் இருக்கிறது. மலாய் சரியாக வராவிட்டால் என்னிடம் முதல் நாளே வாருங்கள். சந்தேகத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிறேன். ஆயாவோ பாட்டியோ கூட வந்தால் இன்னும் நல்லது.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை எனக்குத் தெரியும். அப்பாயின்ட்மென்ட் கார்டைக் காட்டி முன்கூட்டியே லீவு கேளுங்கள். சிக்கல் வந்தால் தோட்டத்துச் சங்கக் கமிட்டியிடம் சொல்லுங்கள். சங்கம் சம்பளத்துக்கு மட்டும் அல்ல.

பிள்ளைக்குக் குறை என்று தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். சமூக நலத் துறையில் பதிந்தால் உதவி உண்டு. பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் 1984-ல் திரெங்கானுவில் பத்து ராக்கிட்டில் தொடங்கி இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று அங்கே விசாரிக்கலாம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். சில வருடத்துக்கு முன்பு எங்கள் ஆயா ஒருவர் ஏழு மாதப் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். “ஐயா, இவ எதையும் இடது கையாலதான் எடுக்கறா. வலது கைய மூடியே வச்சிருக்கா” என்றார். இந்த முறை நான் கை தட்டிப் பார்த்து அனுப்பவில்லை. அன்றே கடிதம் எழுதினேன். வலது பக்கம் விறைப்பு என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். எட்டு மாதத்திலேயே பயிற்சி தொடங்கியது. அந்தப் பிள்ளை இன்று லேசாகக் காலைச் சாய்த்து நடந்தாலும் தானே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள்.

அந்த ஆயா செய்தது பெரிய வைத்தியம் இல்லை. பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். உங்கள் வீட்டுப் பிள்ளையையும் அப்படிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வந்து சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போகலாம்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக் கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.